பதினொரு பழுப்பும் ஆறாவது நிபந்தனையும்

வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் வரி: “பேஸ்டல், ஒரு டப்பா.” என்ன வகை, எத்தனை நிறம், ஒன்றும் கிடையாது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் ஓய்வூதியப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக வெளியே வந்தவள் நான். எனக்குக் கீழே இருந்த யாராவது இப்படி ஒரு குறிப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தால், மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்போது நான் மாணவி. செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, தாதரில் இறங்கி, மழையில் பாதி நனைந்து, கடையில் “பேஸ்டல்” என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டினார். வாங்கி வந்தேன்.

மாதுங்காவில் ஒரு சங்கத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. பேஸ்டல் ஓவியமும் வண்ண அடிப்படைகளும், தொடக்கநிலையினருக்கு. நாங்கள் ஒன்பது பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆசிரியருக்கு முப்பது வயது இருக்கும். மாதுங்காவிலேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. எங்கள் டப்பாக்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“ஆன்ட்டி, இது ஆயில் பேஸ்டல். நமக்கு வேண்டியது சாஃப்ட் பேஸ்டல்.”

“அதை ஏன் தாள்ல எழுதலை?”

“எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் ஆன்ட்டி.”

“தெரிஞ்சிருந்தா ஏன் வகுப்புக்கு வர்றோம்?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேர் எண்ணெயும் மெழுகும் சேர்ந்த குச்சிகளை வாங்கி வந்திருந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்குமே, அது. தாளில் அப்பிக்கொள்ளும், நகராது. எங்களுக்கு வேண்டியது வேறு. நிறப்பொடியைக் கொஞ்சம் பிசின் சேர்த்து அழுத்திய குச்சி. கரும்பலகைச் சாக்கட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். தொட்டால் கையோடு வரும், ஊதினால் பறக்கும். எட்டுப் பேர் எட்டு டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் தாதர் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தால் போதும்.

சரியான டப்பாவைக் கொண்டுவந்த ஒரே ஆள் தாராவியிலிருந்து நடந்தே வந்திருந்த ஒரு பாய். அறுபது வயதுக்கு மேல். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. தோல் பட்டறை வைத்திருக்கிறார், பையும் செருப்பும் தைக்கிறார்கள். மகன் தொழிலைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதால் சனிக்கிழமை ஓய்வு. வகுப்பு பத்து மணிக்கு என்றால் ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். பதிவுப் பட்டியலில் அவர்தான் வரிசை எண் ஒன்று. நான் ஆறு.

“உங்களுக்கு மட்டும் எப்படி பாய் சரியா கிடைச்சுது?” என்று கேட்டேன்.

“கடைக்காரன் ரெண்டையும் காட்டுனான் மேடம். ரெண்டையும் பொறங்கையில தேச்சுப் பாத்தேன். ஒண்ணு பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ஒண்ணு பொடியா எறங்குச்சு. எறங்குனத வாங்குனேன்.”

அடுத்த வாரம் வண்ணச் சக்கரம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மூலம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. எதிரும் புதிருமாக இருக்கும் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பளிச்சிடும். ஒன்றோடொன்று குழைத்தால் இரண்டும் செத்துப்போகும். இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. பிறகு ஆசிரியர் சொன்னார், “இப்படிச் செத்துப்போறதுதான் மட். சேறு. பிகினர்ஸ் எல்லாரும் கடைசில பிரவுன் ஆக்கிடுவீங்க. பிரவுன் வந்தா படம் போச்சுன்னு அர்த்தம். சக்கரத்துல பிரவுன் எங்கயாவது இருக்கா பாருங்க.”

பாய் சக்கரத்தை உண்மையாகவே ஒரு சுற்று பார்த்தார்.

“இல்லதான் தம்பி. அப்ப எங்க பட்டறையில அடுக்கி வச்சிருக்கது எல்லாம் என்னது?”

“அங்கிள், அது மெட்டீரியல். நான் கலர் தியரி சொல்றேன்.”

“டேன் இருக்கு. செர்ரி இருக்கு. காப்பி, சிக்கு, அதான் நம்மூரு சப்போட்டா, துரு. வெயில்ல வச்ச டேன் வேற, மழையில வாங்குன டேன் வேற. எண்ணுனா பதினொண்ணு வரும். ஒரு ஜோடிச் செருப்புல எடது ஒண்ணு வலது ஒண்ணா வெட்டுனா கட்டிங் மாஸ்டர வெளிய அனுப்பிருவேன். அம்புட்டும் சேறுதானா?”

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருடமாக நிறத்தைக் கண்ணால் தரம் பிரிக்கிற ஒரு மனிதருக்கு, நாற்பது நிமிடப் பாடத்தில் அவர் நிறமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுந்து, பழுப்பு என்பது இருண்டுபோன ஆரஞ்சு என்றும், நேற்று நான் அதைப் புத்தகத்தில் படித்தேன் என்றும், சக்கரத்தின் ஆரஞ்சுக்கு அடியில் ஒரு குறிப்புப் போடலாம் என்றும் சொன்னேன். ஆசிரியர் அன்றே என்னை வகுப்புப் பிரதிநிதியாக நியமித்தார். கேள்வி கேட்பவரிடம் வேலையைக் கொடுத்து வாயை அடைப்பது எனக்குத் தெரியாத தந்திரமா? நானே பலருக்குச் செய்திருக்கிறேன்.

என் படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு கொய்யாப்பழம். பேஸ்டலை விரலால் தேய்த்துக் குழைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு தேய்க்கலாம் என்று சொல்லவில்லை. நான் தேய்த்தேன். தாளுக்கு ஒரு சொரசொரப்பு உண்டு, அதன் குழிகளில்தான் பொடி உட்காரும். குழி நிரம்பிவிட்டால் அடுத்த நிறம் ஏறாது, வழுக்கும். மூன்றாவது வாரம் என் கொய்யா சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஆற்றங்கரைக் கல் மாதிரி ஆகிவிட்டது.

பாய் தேய்க்கவே இல்லை. கோடு கோடாகப் போட்டார். அடியில் கருநீலமும் ஆழ்ந்த சிவப்பும். அதன்மேல் ஆரஞ்சுக் கோடுகள், இடைவெளி விட்டு, அடியில் இருக்கிற நீலம் எட்டிப்பார்க்கும்படி. அவர் டப்பாவில் பழுப்புக் குச்சி ஒன்றே ஒன்று இருந்தது, அதை அவர் தொடவில்லை. இருட்டிலிருந்து தொடங்கி வெளிச்சத்தை நோக்கி வர வேண்டும் என்று பாடத்தில் சொன்னதை வகுப்பில் ஒழுங்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வாரம் ஒரு மெல்லிய அடுக்கு. பொடி சேர்ந்தால் ஊத மாட்டார், தாளைத் தூக்கி நிறுத்தி, பின்னால் இரண்டு தட்டு.

படத்தில் இருந்தது ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு.

தேநீர் இடைவேளையில் ஒருநாள் கேட்டேன், யாருடைய செருப்பு என்று.

“எங்க வீட்டுலதான் மேடம். இருவது வருசத்துக்கு முந்தி நானே வெட்டித் தச்சது. கல்யாணத்துக்குக் காச்சிக்கு மட்டும் போடுவா. பெட்டியில இருந்து தெரியாம எடுத்துட்டு வாரேன்.”

“தெரியாமலா?”

“தெரிஞ்சா விட மாட்டா. இந்த வயசுல கலர் பூசப் போறிய, புத்தி எங்க போச்சுன்னு கேக்கா. பட்டறைக்கு ஒருநாள் வந்ததில்ல மேடம், நாத்தம்பா. முப்பத்தஞ்சு வருசமா நான் என்ன செய்யுதேன்னு அவளுக்குக் காட்டுனதே இல்ல பாத்துக்கிடுங்க. கண்காட்சி வைக்காவல்லா, கடைசியில? அன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன். ஒரு தடவ செவுத்துல மாட்டி அவ பாத்துட்டாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

வரையத் தொடங்கிய எட்டாவது வாரம் படம் முடிந்தது. கால் வைக்கும் இடத்தில் ஐந்து விரல்களின் தடம், தோல் கறுத்து, லேசாகக் குழிந்து. வாரின் ஓரம் தேய்ந்து மெருகேறியிருந்தது. கடைசி நாள் குதிகால் விளிம்பில் வெளிர் மஞ்சளால் ஒரே ஒரு கோடு இழுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டது போல அந்தச் செருப்பில் வெயில் விழுந்தது. ஆசிரியர்கூட மற்ற மேசைகளை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

பிறகு கண்காட்சிக்கான படிவம் வந்தது. ஏழு நிபந்தனைகள். ஆறாவது: “படைப்புகள் அனைத்தும் லேமினேட் செய்யப்பட்டிருக்க வேண்டும்.”

இந்த இடத்தில் நான் நிறுத்தி, எல்லோரையும் விட என் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வந்த எந்த விதிக்கும் நான் காரணம் கேட்காமல் இருந்ததில்லை. லேமினேட் செய்த பிறப்புச் சான்றிதழை நீட்டிய கிழவர்களிடம், இதை ஏற்க முடியாது, மூலத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஆறாவது நிபந்தனையைப் படித்துவிட்டு, பிரதிநிதி என்ற முறையில் ஒன்பது படங்களையும் சேகரித்து, செய்து முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். என் சாம்பல் கொய்யாவும் சுவரில் தொங்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதுதான் கண்ணை மறைத்தது.

ஆசிரியரிடம் போனில் கேட்டேன், கேட்காமல் இல்லை. “இது பொடியாச்சே. லேமினேட் பண்ணலாமா? முதலில் எதையாவது தெளித்து ஒட்ட வைக்க வேண்டாமா?”

“ஃபிக்ஸேடிவ்ங்கறது அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும் ஆன்ட்டி. லேமினேஷன் தானே, சலேகா.”

சலேகா. பரவாயில்லை, ஓடும் என்று அர்த்தம். இந்த ஊரின் மொத்த நிர்வாகமும் அந்த ஒரு வார்த்தையில் நடக்கிறது. வரையச் சொல்லிக் கொடுப்பார்கள், வரைந்ததைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுப்பது மேல்நிலைப் படிப்பு. வாய்மொழி உத்தரவை வாங்காதே என்று எத்தனை புதியவர்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். நான் வாங்கினேன்.

மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கூட்டம். கடைக்காரர் படத்தைப் பார்க்கவில்லை, அளவைத்தான் பார்த்தார். ஒன்பதையும் வரிசை எண்படி அடுக்கி வைத்திருந்தேன். எனவே முதலில் போனது வரிசை எண் ஒன்று. புத்தி இருக்கிறவர் தன் படத்தை முதலில் கொடுத்துச் சோதித்திருப்பார். கொய்யா கெட்டுப்போக இன்னும் என்ன இருந்தது? ஆனால் ஆறை ஒன்றுக்கு முன்னால் வைப்பது என் கைக்குப் பழக்கமில்லை.

இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே படம் எந்திரத்தின் வாய்க்குள் போனது. சூடான பசை வாசனை வந்தது. மறுபக்கம் வெளியே வந்ததைக் கையில் வாங்கினேன். சூடாக இருந்தது. பசை உருகிப் பொடிக்குள் இறங்கி எல்லா நிறத்தையும் குடித்திருந்தது. ஆரஞ்சுக் கோடுகள் நீலத்துக்குள் மூழ்கிப்போயின. அடுக்கு கனமாக இருந்த இடங்களில் பிளாஸ்டிக் ஒட்டாமல் வெள்ளி வெள்ளியாகக் குமிழ்கள். குதிகால் விளிம்பில் மஞ்சள் கோட்டைத் தேடினேன். இல்லை. பதினொரு பழுப்பும் ஒரே பழுப்பாகிவிட்டது, அதுவும் ஈரப் பழுப்பு.

“தூஸ்ரா தோ, மேடம்,” என்று கடைக்காரர் அடுத்ததற்குக் கை நீட்டினார். நான் மற்ற எட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை தாராவிக்குப் போனேன். பட்டறை முதல் மாடியில், இரும்பு ஏணி. தபாலில் அனுப்புகிற விஷயம் இல்லை, போனில் சொல்கிற விஷயமும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லி, படத்தை மேசைமேல் வைத்தேன். அவர் விளக்கைக் கிட்டே இழுத்து, படத்தைச் சாய்த்து, கட்டை விரலால் பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்தார், தோலைத் தடவுகிற மாதிரியே.

“ரெக்ஸின் ஆக்கிப்போட்டியளே மேடம்.”

அசல் தோல் தைக்கிற அந்தப் பட்டறையில் அதைவிடப் பெரிய வசை கிடையாது என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

“தப்பு என்னோடது பாய். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

“எழுதியா?” தாளை வாங்கிப் படிக்காமல் கல்லாப்பெட்டிக்குள் போட்டார். “எழுதாம கேக்கத் தெரியாதோ உங்களுக்கு?”

“வேற வரைஞ்சிரலாமா? இன்னும் நாலு நாள் இருக்கு.”

“எட்டு வாரம் வரஞ்சத நாலு நாள்லயா? செருப்பும் இனிமே கெடைக்காது. நேத்து தேடிருக்கா. பெட்டிய பூட்டிட்டா.” படத்தைத் திரும்ப மேசைமேல் வைத்தார். கீழே தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. “நான் வரச் சொல்லிட்டேன் மேடம். செவுரு காலியா இருக்க முடியாது. இதையே மாட்டிருங்க.”

அங்கிருந்து நேரே சங்கத்துக்குப் போனேன். செயலாளர் மாதுங்காவின் பழைய குடும்பத்துக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறாவது நிபந்தனையை யார் போட்டது, எந்தக் கூட்டத்தில், தீர்மானம் எங்கே என்று கேட்டேன்.

“பாருங்கோ மேடம், அது ஃபார்ம்லயே இருந்தது.”

“ஃபார்ம் எங்கேருந்து வந்தது?”

அவர் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். குழந்தைகளின் கையெழுத்துப் போட்டிக்கு என்றோ அடித்த படிவம். சாப்பிட்ட கையோடு தொட்டு அழுக்காக்குகிறார்கள் என்று யாரோ லேமினேட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கையெழுத்து என்ற இடத்தில் ஓவியம் என்று மாற்றி எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

“இதை அடிச்சிருங்கோ,” என்றேன், அவர் பாஷையிலேயே.

“ஜெனரல் பாடியில வெக்கணும் மேடம்.”

“கொண்டுவந்ததே ஜெனரல் பாடி இல்லையே. இல்லாத தீர்மானத்தை ரத்து செய்யத் தீர்மானம் எதுக்கு?”

அவர் பேனாவை எடுத்தார். ஆறாவது நிபந்தனையின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். மொத்தம் பத்து நிமிடம். ஒருநாள் முன்னால் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்திருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பத்து நிமிடம்தான் என்னைக் கடித்தது. செயலாளரை ஜெயித்தது எனக்கு ஒரு சொட்டு சந்தோஷமும் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுப் படங்கள் அட்டைச் சட்டத்துக்குள், பொடி உரசாமல், நன்றாகவே தொங்கின. ஒன்பதாவதாக மாட்டிய பாயின் படம் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தது. நேரே நின்று பார்த்தால் விளக்குதான் தெரியும், ஒரு அடி விலகி நிற்க வேண்டும். ஒரு கமிட்டி உறுப்பினர் அதன் முன்னால் நின்று, “ஃபினிஷிங் நன்னா இருக்கு,” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு பாயும் அவர் மனைவியும் வந்தார்கள். கறுப்புப் புர்கா, கையில் மடக்குக் குடை. அந்தம்மா மற்ற படங்களைப் பார்க்கவில்லை. நேராக ஒன்பதாவதுக்குப் போய், விளக்கு கண்ணில் அடித்ததும், தானாகவே ஒரு அடி விலகி நின்றார்.

“என் செருப்புல்லா இது.”

“ம்,” என்றார் பாய்.

“அதான் பெட்டியில எடம் மாறி மாறிக் கெடந்துச்சா. எலின்னுல்லா நெனச்சேன்.” கிட்டே போய்ப் பார்த்தார். “மழையில நனஞ்சாப்ல இருக்கே. நான் இத மழையில போட்டதே இல்லையே.”

பாய் தரையைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போனேன்.

“நனைச்சது நான்தான். உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் வரைஞ்சிருந்தார். பிளாஸ்டிக் போட்டு நான் கெடுத்திட்டேன்.”

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா? பாத்தாப் படிச்சவ மாதிரி இருக்கிய.”

“படிச்சவதான்.”

“கெடுக்கதுக்கு முந்தி நீங்க பாத்தியளா, எப்படி இருந்துச்சுன்னு?”

“எட்டு வாரமும் பாத்தேன்.”

“அப்பச் சொல்லுங்க.”

நான் சொன்னேன். விரலைப் படத்தில் வைத்து, இடது செருப்பிலிருந்து தொடங்கினேன். இந்த வார் நீலத்தின் மேல் ஆரஞ்சு, தள்ளி நின்று பார்த்தால் டேன். இது சிவப்பின் மேல் பச்சை, மெல்லிசாக, அதனால் காப்பி. இங்கே சிக்கு. இந்தக் குழியில் உங்கள் கட்டை விரல், மற்ற நாலைவிட ஆழம், ஊதா கலந்த கறுப்பு. வார் ஓரத்தில் மெருகு, இளஞ்சிவப்பு. பதினொன்றையும் சொன்னேன். அந்தம்மா ஒவ்வொன்றுக்கும் விரல் இருக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்த்தார். கடைசியில் குதிகால் விளிம்புக்கு வந்தேன். வெளிர் மஞ்சள், ஒரே கோடு, அதைப் போட்டதும் செருப்பு முழுவதும் வெயில் அடித்தது என்றேன்.

அந்தம்மா நிமிர்ந்து, கணவரைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் அப்படிப் பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பாயின் காது மடல் சிவந்துவிட்டது.

“நெசமாவா? அம்புட்டு வெயிலா போட்டிய?”

“சே, இல்ல,” என்றார் பாய், குடையை மனைவியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. “மேடம் கூட்டிச் சொல்லுதாவ.”

இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முப்பத்து நான்கு வருடம் அறிக்கை எழுதியவள், ஒரு அடைமொழி கூட அதிகமாகப் போட்டதில்லை. ஆசிரியரைக் கூப்பிட்டேன், வகுப்பின் மற்ற ஏழு பேரையும் கூப்பிட்டேன். அந்த மஞ்சள் கோடு இருந்ததா இல்லையா என்று அந்தம்மாவின் முன்னால் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன்.